17 பேரும் கைகோத்து நடக்க வேண்டாம்

கேள்வி:

எங்களுடையது கூட்டுக் குடும்பம். மாமனாருக்கு 81 வயது, மாமியாருக்கு 76. மூன்று மகன்கள், மூன்று மருமகள்கள், நாத்தனார், அவர் கணவர், அப்புறம் ஒன்றரை வயது முதல் 15 வயது வரை ஏழு பிள்ளைகள். மொத்தம் 17 பேர். போன வருடம் எல்லாரும் ஒரு மலர்க் கண்காட்சிக்குப் போனோம். பயங்கரக் கூட்டம். “யாரும் பிரியக் கூடாது, கையைப் பிடித்துக்கொண்டு ஒன்றாக நடங்கள்” என்று மாமனார் சொன்னார். அப்படித்தான் நடந்தோம். அப்படியும் மூத்த ஓரகத்தியின் ஆறு வயது மகன் காணாமல் போய், அரை மணி நேரம் கழித்து ஒலிபெருக்கி அறிவிப்பில்தான் கிடைத்தான். யார் மேல் தப்பு என்று வீட்டுக்கு வந்து பெரிய சண்டை. மாமியார் முழங்கால் வலி தாங்காமல் பாதை ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். பூக்களைச் சரியாகப் பார்க்கவே இல்லை. இந்த வருடமும் போக வேண்டும் என்று அவரே ஆசைப்படுகிறார். நாத்தனாரின் கணவருக்கு ஆஸ்துமா உண்டு. ஏற்பாடு எல்லாம் நடு மருமகளான என் தலையில். 17 பேரையும் சிதறாமல் கூட்டிக்கொண்டு போய் வர வழி சொல்லுங்கள். இல்லை, போகாமலே இருந்துவிடலாமா?

— ஒரு வாசகி

பதில்:

போங்கள். 76 வயதில் ஒருவர் பூப் பார்க்க ஆசைப்படுகிறார் என்றால் அதைத் தள்ளிப்போடக் கூடாது. ஆனால் 17 பேரையும் சிதறாமல் வைத்திருக்கும் எண்ணத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள். குழுச் சுற்றுலா நடத்துவதுதான் என் தொழில். நெரிசலான இடத்துக்குள் 17 பேரை ஒரே வரிசையாக நான் அழைத்துப் போக மாட்டேன். உங்கள் குடும்பத்தை நான்காகப் பிரித்துவிடுங்கள். ஒன்றாக இருக்க வேண்டியது மூன்றே நேரம்தான்: உள்ளே நுழையும்போது, சாப்பிடும்போது, கிளம்பும்போது.

மாமனார் சொன்னதில் அக்கறை இருக்கிறது, தப்பு சொல்ல முடியாது. ஆனால் கணக்கைப் பாருங்கள். 17 பேர் கைகோத்து நடந்தால் அந்த வரிசை சுமார் 15 மீட்டர் நீளும். முன்னால் போகிறவருக்குக் கடைசியில் வருகிறவர் தெரிய மாட்டார். எதிரே வருகிறவர்கள் நடுவில் புகுந்து போவார்கள். அவர்களைக் குறை சொல்லவும் முடியாது. ஒருவர் செருப்பு வாரை மாட்ட நின்றால் 17 பேரும் நிற்க வேண்டும். ஒரு பிள்ளைக்குக் கழிப்பறை என்றால் 17 பேருக்கும் கழிப்பறை. வரிசையின் வேகம் முழங்கால் வலிக்காரரின் வேகம்தான். அதில் 13 வயதுப் பையனுக்கு எரிச்சல், மாமியாருக்கோ தன்னால்தான் எல்லாரும் தாமதம் என்ற சங்கடம். அந்தச் சங்கடத்தில்தான் வலியைச் சொல்லாமல் நடந்து, கடைசியில் பாதை ஓரத்தில் உட்கார்ந்திருப்பார்.

பையன் தொலைந்த கதைக்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பத்துப் பெரியவர்கள் இருந்தும் ஒரு குழந்தை எப்படித் தொலையும்? பத்துப் பேர் இருந்ததால்தான். அம்மா கையில் இருக்கிறான் என்று அப்பா நினைப்பார், சித்தியோடு இருக்கிறான் என்று அம்மா நினைப்பார், தாத்தா பிடித்திருக்கிறார் என்று சித்தி நினைப்பார். நான் இதை அடிக்கடி பார்க்கிறேன். இரண்டு பெரியவர் மட்டும் இருக்கும் குழுவில் இப்படி நடப்பது குறைவு, ஏனென்றால் அங்கே நினைப்பதற்கு இன்னொரு ஆள் கிடையாது. ஆகவே போன வருடச் சண்டையை இத்தோடு விடுங்கள். அது யாருடைய தப்பும் இல்லை, ஏற்பாட்டின் தப்பு.

நீங்கள் எழுதியதை வைத்து நான் பிரித்தால் இப்படிப் பிரிப்பேன். மாமனார், மாமியார், மூத்த மகன், நாத்தனாரின் கணவர் ஒரு குழு; இது மெதுவாகப் போகிற குழு, உட்கார்ந்து உட்கார்ந்து போகும். ஒன்றரை வயதுக் குழந்தையும் அதற்கு அடுத்த சின்னதும் தங்கள் அப்பா அம்மாவோடு இரண்டாவது குழு. அவர்கள் எப்போது வேண்டுமானாலும் பாதியில் வெளியே வந்துவிடலாம், யாரும் கேள்வி கேட்கக் கூடாது. நடுவயதுப் பிள்ளைகள் மூன்று பேரோடு உங்கள் கணவரும் மூத்த ஓரகத்தியும். போன வருடம் தொலைந்தவன் இந்தக் குழுவில்தான் வருவான்; அம்மா பக்கத்தில் இருப்பது அவனுக்கும் தைரியம், அவருக்கும் நிம்மதி. மிச்சம் இரண்டு பெரிய பிள்ளைகளும் நாத்தனாரும். இவர்கள்தான் உண்மையிலேயே எல்லாவற்றையும் சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள்.

எண்ணிப் பார்த்தால் 16 பேர் வரும். விட்டுப்போன ஆள் நீங்கள். உங்களுக்குக் குழு கிடையாது, கையில் குழந்தை கிடையாது, தோளில் பெரிய பையும் கிடையாது. ஏற்பாட்டாளர் கை காலியாக இருக்க வேண்டும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். யாருக்காவது தலை சுற்றினால் ஓட, சக்கர நாற்காலி வாங்கி வர, அறிவிப்புக் கூடத்துக்குப் போக ஓர் ஆள் வேண்டும். ஒன்றும் நடக்கவில்லை என்றால் நீங்கள் நிம்மதியாகத் தனியே பூப் பாருங்கள். போன வருடம் நீங்கள் ஒரு பூவையாவது நின்று பார்த்தீர்களா என்று கடிதத்தில் எழுதவே இல்லையே!

ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் பிள்ளை மாறினால் வாயால் சொல்லி ஒப்படைக்க வேண்டும். “இவன் இப்ப உங்க பொறுப்பு” என்று ஒருவர் சொல்ல, “சரி, என்கிட்ட இருக்கான்” என்று மற்றவர் பதில் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. கேட்க நாடகம்போல் இருக்கும், பிள்ளைகள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

குழு ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகத் தண்ணீர், கொஞ்சம் பணம், கொறிக்க ஏதாவது, நுழைவுச்சீட்டு, மருந்து. எல்லாருடைய மருந்தும் ஒரே பையில், அந்தப் பை ஒரே ஆளிடம் என்பது வீட்டிலிருந்து காரில் ஏறும் வரை வசதி. இறங்கிய பிறகு ஆபத்து. முக்கியமாக நாத்தனார் கணவரின் இன்ஹேலர் அவருடைய சட்டைப் பையில்தான் இருக்க வேண்டும், மனைவியின் கைப்பையில் இல்லை. மனைவி வேறு குழுவில் அல்லவா போகிறார்?

ஆஸ்துமாவைப் பற்றிச் சொல்லும்போது ஒரு பயத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். இவ்வளவு பூ இருக்கும் இடத்தில் மகரந்தம் காற்றில் பறக்குமே என்று பலர் கேட்கிறார்கள். கண்காட்சியில் வைக்கும் பகட்டான பூக்கள் பெரும்பாலும் பூச்சிகளால் மகரந்தச் சேர்க்கை நடக்கிறவை. அவற்றின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது, அவ்வளவு எளிதில் காற்றில் பரவாது. தும்மலையும் இழுப்பையும் அதிகம் கிளப்புவது புற்களும் சில மரங்களும் காற்றில் விடும் மெல்லிய மகரந்தம். அதனால் அவர் வரலாம். ஆனால் லில்லி, ஹயசிந்த் மாதிரி கடும் வாசனைப் பூக்களை மூடிய கூடத்துக்குள் குவித்து வைத்திருந்தால் அந்த வாசனையே சிலருக்கு மூச்சு முட்டலையும் ஒற்றைத் தலைவலியையும் கொண்டுவரும். சாமந்தி, டெய்சி குடும்பத்துப் பூக்களைக் கையில் அள்ளி முகர்வதும் ஒவ்வாமைக்காரர்களுக்கு நல்லதல்ல. கண்ணாடி வீட்டை அவர் வெளியிலிருந்து பார்த்தால் போதும். புறப்படுவதற்கு முன் அவருடைய டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் இன்னும் நல்லது.

சரி, எந்த நாளில் போவது? வார நாள். இதில் பேரம் கிடையாது. ஆளுக்கு அரை நாள் விடுப்பு எடுக்க முடியவில்லை என்றால் அடுத்த வருடம் போங்கள் என்றுகூடச் சொல்வேன். திறப்பு நாளைத் தவிர்த்துவிடுங்கள். விருந்தினர் வருகை, தடுப்புக் கட்டைகள் என்று பாதி வழி மூடியிருக்கும். வெட்டிய பூக்களால் செய்த அலங்காரங்கள்தான் முக்கியம் என்றால் கடைசி நாட்களும் வேண்டாம்; வாடிய இதழ்களைத்தான் பார்ப்பீர்கள். மண்ணில் வளர்ந்து நிற்கும் பூக்களைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால் கணக்கு வேறு. விழாவின் தேதியை மனிதர்கள் முடிவு செய்கிறார்கள், பூக்கும் தேதியை வெப்பநிலை முடிவு செய்கிறது. குளிர் நீண்டால் பூ தாமதமாகும், வெயில் முந்தினால் பூவும் முந்தும். முன்பதிவு செய்வதற்கு முன் ஏற்பாட்டாளர்களுக்கு போன் போட்டு, இந்த வாரம் எது பூத்திருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் சொல்வார்கள், யாரும் கேட்பதில்லை.

நேரம் என்றால் கதவு திறக்கும்போதே. காலை 11 மணியிலிருந்து பிற்பகல் 3 மணி வரைதான் பெரும்பாலான இடங்களில் நெரிசல் உச்சம். துலிப் மாதிரி சில பூக்கள் குளிரில் இதழை மூடிக்கொண்டு, வெயில் ஏறிய பிறகுதான் விரியும். அதனால் சீக்கிரம் போனால் மொட்டாகப் பார்க்க வேண்டி வரும் என்று புகைப்படக்காரர்கள் குறைபடுவார்கள். குழந்தைகளையும் முதியவர்களையும் வைத்துக்கொண்டு போகிறவர்களுக்கு அந்தக் குறை பெரிதல்ல. வெயில் ஏறுவதற்குள் மெதுவான குழு பார்த்து முடித்திருக்க வேண்டும்.

எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று ஆசைப்படாதீர்கள். நெதர்லாந்தின் கொய்கன்ஹாஃப் தோட்டம் 32 ஹெக்டேர், அதாவது ஏறக்குறைய 80 ஏக்கர். ஒவ்வொரு பருவத்துக்கும் சுமார் 70 லட்சம் பூக்கிழங்குகளைக் கையால் நடுகிறார்கள். அங்கே போகிற ஆரோக்கியமான இளைஞர்களே முழுவதும் பார்க்காமல்தான் திரும்புகிறார்கள். நீங்கள் போகும் இடம் அவ்வளவு பெரிதாக இல்லாவிட்டாலும், வரைபடத்தை முன்பே எடுத்து மாமியார் முன் வைத்து, “இதில் உங்களுக்கு எது கட்டாயம் பார்க்கணும்?” என்று கேளுங்கள். இரண்டு இடம் சொல்வார். அவருடைய குழு நேராக அந்த இரண்டுக்கும் போகட்டும், அவர் தெம்பாக இருக்கும் முதல் ஒரு மணி நேரத்திலேயே. மற்றதெல்லாம் கிடைத்தால் லாபம்.

முன்பதிவு செய்யும்போதே விதிமுறையைக் கடைசி வரி வரை படித்துவிடுங்கள். நேரம் குறித்த நுழைவுச்சீட்டு இப்போது பல இடங்களில் வந்துவிட்டது; காலை 9 மணிச் சீட்டை வைத்துக்கொண்டு 11 மணிக்குப் போய் நின்றால் சிக்கல். லண்டனின் செல்சி மலர்க் கண்காட்சியில் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகளுக்கு அனுமதியே இல்லை, கைக்குழந்தை உட்பட. உங்களைப்போல் ஒன்றரை வயதுக் குழந்தையோடு வாசல் வரை போய்த் திரும்புகிறவர்களின் நிலையை நினைத்துப் பாருங்கள்! தள்ளுவண்டி விடுவார்களா, வெளியே போனால் மறுபடி உள்ளே வர முடியுமா, சக்கர நாற்காலி வாடகைக்கு உண்டா, அதற்குத் தனி வாசல் இருக்கிறதா — இந்த நான்கையும் முன்கூட்டியே கேட்டு வையுங்கள்.

சக்கர நாற்காலி என்றதும் மாமியார் வேண்டாம் என்பார். எனக்கு நடக்க முடியும் என்பார். நடக்க முடியும்தான். ஆனால் மலர்க் கண்காட்சியில் நடப்பதைவிட நிற்பதுதான் அதிகம், நடப்பதைவிட நிற்பதுதான் கஷ்டமும்கூட. நடக்கும்போது கெண்டைக்கால் தசை சுருங்கி விரிந்து ரத்தத்தை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும். அசையாமல் நின்றால் ரத்தம் காலில் தேங்கும். வரிசையில் நிற்பவர்கள் திடீரென்று மயங்கி விழுவதற்கு அதுவும் ஒரு காரணம். “தேவைப்படும்போது உட்கார ஒரு நாற்காலி கூடவே வருகிறது, அவ்வளவுதான்” என்று சொல்லிப் பாருங்கள். முதலில் அதில் பையை வைத்துத் தள்ளிக்கொண்டு போகட்டும். அரை மணி நேரத்தில் பை மடிக்குப் போய்விடும். சரளைக்கல்லிலும் ஈரப் புல்லிலும் சக்கரம் சிக்கும் என்பதால்தான் மூத்த மகனை அந்தக் குழுவில் போட்டேன்.

இன்னொரு விஷயம், இதை வீட்டில் பெண்கள்தான் கவனிக்க முடியும். கழிப்பறைக்குப் போக வேண்டி வருமே என்று வயதானவர்கள் காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுவார்கள். வயதாக ஆக தாகமும் சரியாகத் தெரியாது. வெயிலில் இரண்டு மணி நேரத்தில் தலை சுற்றும். உள்ளே நுழைந்ததும் முதல் வேலையாக அவரைக் கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்க்க வைத்துவிடுங்கள்; இடம் தெரிந்தால் பயம் குறைந்து தண்ணீர் குடிப்பார். மாமனாருக்கோ மாமியாருக்கோ ரத்த அழுத்தத்துக்குச் சிறுநீர் போகவைக்கும் மாத்திரை இருந்தால், அன்றைக்கு அதை எப்போது போடுவது என்று டாக்டரிடம் கேளுங்கள், நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர் யாராவது இருந்தால் சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகவே கூடாது.

சந்திக்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். “வாசலில் சந்திப்போம்” என்பார்கள். வந்திருக்கிற எல்லாக் குடும்பமும் அதையேதான் சொல்லியிருக்கும். பெரிய பூ வளைவும் வேண்டாம். அங்கே போட்டோ எடுக்க வரிசை நிற்கும். பாதையிலிருந்து சற்றுத் தள்ளி, நிழலும் உட்கார இடமும் உள்ள, தூரத்திலிருந்தே தெரிகிற ஒன்று: உயரமான மரம், கடிகாரக் கோபுரம், நூலகம் அல்லது அலுவலகக் கட்டடம் மாதிரி. உள்ளே ஒரு இடம், உள்ளே இருக்க முடியாத நிலை வந்தால் வெளியே ஒரு இடம். நேரத்தையும் குறித்துவிடுங்கள். ஒரு குழு 15 நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் நீங்கள் தேடிப் போவீர்கள், மற்றவர்கள் அங்கிருந்து நகரக் கூடாது. எல்லாரும் எல்லாரையும் தேடப் போனால் பொழுது அதிலேயே போய்விடும்.

போனை நம்பாதீர்கள். ஆயிரக்கணக்கானோர் ஒரே இடத்தில் படம் அனுப்பிக்கொண்டிருந்தால் நெட்வொர்க் திணறும், அழைப்பு போகாது. அந்த நிலையிலும் சாதாரணக் குறுஞ்செய்தி பல நேரம் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் அழைத்து அழைத்துப் பார்க்காமல் ஒரு வரி அனுப்புங்கள். சிக்னல் தேடித் தேடியே பேட்டரியும் சீக்கிரம் தீரும். இடம், நேரம், நான்கு போன் எண்கள் ஆகியவற்றைத் தாளில் எழுதி ஆளுக்கொன்று கொடுத்துவிடுங்கள். மாமனார் கையில் வாட்ச் இருக்கும். இந்த நாளில் அதற்குத்தான் மதிப்பு.

இப்போது பிள்ளைகள். காலையில் வாசலில் ஒவ்வொரு பிள்ளையையும் தலை முதல் கால் வரை தெரிகிற மாதிரி ஒரு படம் எடுத்துவிடுங்கள். பதற்றத்தில் பெற்ற தாய்க்கே சட்டை நிறம் மறந்துபோகும். சின்னப் பிள்ளைகளின் முன்கையின் உட்புறத்தில் போன் எண்ணைப் பேனாவால் எழுதுங்கள். பெயரை வெளியே தெரிகிற மாதிரி ஒட்ட வேண்டாம். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பிள்ளை நம்பிவிடும்.

தொலைந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது மூன்றே விஷயம். நின்ற இடத்திலேயே நில். “அம்மா” என்று கத்தாமல் அம்மாவின் பெயரைச் சொல்லிக் கத்து, ஏனென்றால் அங்கே நூறு அம்மாக்கள் இருப்பார்கள். யாரும் வரவில்லை என்றால் சீருடை போட்டவரிடமோ, குழந்தையோடு இருக்கும் ஒரு அம்மாவிடமோ சொல். இதைப் புறப்படும் நாளில் ஒப்பிக்க வைக்காதீர்கள், அதற்கு முந்தைய வாரத்தில் வீட்டிலேயே இரண்டு மூன்று தடவை விளையாட்டாக நடத்திப் பாருங்கள். அந்த ஆறு வயதுப் பையனை மற்ற பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். அவனுக்குத்தானே அனுபவம் இருக்கிறது! போன வருடத்தைச் சொல்லிக் கேலி செய்வதும் அதோடு நிற்கும்.

பெரியவர்கள் செய்ய வேண்டியது வேறு. பிள்ளையைக் காணோம் என்று தெரிந்த நொடியே ஒருவர் அந்த இடத்திலேயே நிற்க வேண்டும், இன்னொருவர் பக்கத்தில் இருக்கும் ஊழியரிடம் போக வேண்டும். “இங்கேதான் இருப்பான், கொஞ்சம் தேடிப் பார்க்கலாம்” என்று பத்து நிமிடத்தை வீணாக்க வேண்டாம். வெட்கப்படாமல், “நீலச் சட்டை, ஆறு வயசுப் பையன், பார்த்தீங்களா?” என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே போங்கள், வெறும் பெயரைக் கூப்பிட்டால் மற்றவர்களால் உதவ முடியாது. தோட்டத்தில் குளமோ நீரூற்றோ இருந்தால் முதலில் அங்கே ஒருவர் ஓட வேண்டும். அடுத்தது வெளிவாசல்.

ஒன்றரை வயதுக்காரருக்கு வேறு பிரச்சினை: எதைப் பார்த்தாலும் வாயில் போடுவார். அரளி, ஃபாக்ஸ்குளோவ், லில்லி ஆஃப் தி வேலி எல்லாம் பார்க்க அழகு, தின்றால் இதயத்தையே பாதிக்கிற நஞ்சு. டாஃபடில் கிழங்கும் வயிற்றைப் புரட்டிவிடும். கையில் பூ இருந்தால் வாங்கி வைத்துவிடுங்கள். இனிப்புப் பானத்தைத் திறந்து வைத்தால் தேனீயும் குளவியும் தேடி வரும். மூடியும் உறிஞ்சுகுழலும் உள்ளதாக எடுத்துப் போங்கள். தேனீ கொட்டிவிட்டால் கொடுக்கை உடனே எடுத்துவிட வேண்டும். எதைக் கொண்டு எடுப்பது என்று யோசித்து நேரம் கடத்தாமல் நகத்தால் சுரண்டி எடுங்கள். முகம், நாக்கு வீங்கினாலோ மூச்சு வாங்கினாலோ நேராக முதலுதவிக் கூடம்.

நெரிசலைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பயமுறுத்துவதற்காக இல்லை, எந்த இடத்தில் திரும்பிவிட வேண்டும் என்று தெரிந்திருக்கத்தான். ஒரு சதுர மீட்டருக்கு இரண்டு பேர் இருந்தால் இஷ்டப்படி நடக்கலாம். நான்கு பேர் என்றால் சின்னச் சின்ன அடியாகத்தான் நகர முடியும். ஐந்தைத் தாண்டி ஆறு, ஏழு என்று போனால் நாம் நடப்பது நம் கையில் இல்லை. கூட்டம் அசைகிற பக்கம் உடம்பு போகும். கூட்ட நெரிசல் விபத்துகளில் பெரும்பாலோர் மிதிபட்டு இறப்பதில்லை. நெஞ்சு அழுந்தி மூச்சு விட முடியாமல்தான் இறக்கிறார்கள். நின்றபடியேகூட அது நடக்கும். இரண்டு தோளிலும் ஒரே நேரத்தில் ஆட்கள் உரசுகிறார்கள் என்றால் அதுவே முதல் எச்சரிக்கை. அங்கேயே பாதை மாறுங்கள். நீங்கள் நின்றும் கூட்டம் உங்களை நகர்த்துகிறது என்றால் தாமதமாகிவிட்டது. அப்போது எதிர்த்துத் தள்ளக் கூடாது. கூட்டத்தோடு நகர்ந்துகொண்டே சாய்வாக ஓரத்துக்கு வர வேண்டும். கைகளை மடக்கி நெஞ்சுக்கு முன்னால் வைத்தால் மூச்சு விட இடம் கிடைக்கும். சின்னப் பிள்ளைகளைத் தூக்கிவிடுங்கள். செருப்போ போனோ விழுந்தால் குனியவே வேண்டாம்.

மலர்க் கண்காட்சியில் இப்படி அடைக்கிற இடங்கள் பெரும்பாலும் தெரிந்தவைதான்: பூ வளைவு, கண்ணாடி வீட்டின் குறுகிய கதவு, சிறிய பாலம், நடுவில் வைக்கும் பிரம்மாண்டமான பூச்சிற்பம். எல்லாரும் ஒரே இடத்தில் நின்று படம் எடுப்பதால் பின்னால் வருகிறவர்கள் குவிகிறார்கள். இந்த இடங்களை முதல் ஒரு மணி நேரத்தில் பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் விட்டுவிடுங்கள்.

17 பேரும் சேர்ந்த படம் கட்டாயம் வேண்டும் என்பார்கள். எடுங்கள், ஆனால் நுழைவதற்கு முன்னால் வெளியிலேயே, பாதையை மறிக்காத ஒரு பூச்செடி ஓரமாக. எல்லாரும் தலை வாரி, பசியில்லாமல், சண்டையில்லாமல் இருக்கிற ஒரே நேரம் அதுதான்.

திரும்பும்போது மூடும் நேரத்துக்கு ஒரு மணி முன்பாகவே கிளம்பிவிடுங்கள். மூடும் நேரத்தில் எல்லா வண்டியும் ஒன்றாக வெளியேறும். வண்டி நிறுத்திய வரிசையைக் காலையிலேயே படம் எடுத்து வைத்திருங்கள். இரண்டு வண்டி என்றால், யார் எந்த வண்டி என்று தாளில் உள்ளபடி ஏற்றி, பெயர் சொல்லி எண்ணுங்கள். “அவன் அந்த வண்டியில் இருப்பான்” என்ற பேச்சு வந்தாலே இறங்கிப் போய்ப் பாருங்கள். மெதுவான குழு முன்னதாகவே களைத்துவிட்டால் ஒரு வண்டி முன்னால் கிளம்பட்டும். அதில் யார் யார் போனார்கள் என்பது மட்டும் உங்கள் தாளில் இருக்க வேண்டும்.

கடைசியாக, மாமனார். நான்காகப் பிரிவோம் என்றால் தன் பேச்சுக்கு மதிப்பில்லை என்று நினைப்பார். சந்திக்கும் இடத்தை அவர் பொறுப்பில் விடுங்கள். எந்தக் குழு எப்போது வந்தது, யார் இன்னும் வரவில்லை என்று குறித்து வைக்க ஒரு நோட்டும் பேனாவும் கொடுங்கள். இது அவரைச் சமாதானப்படுத்தும் தந்திரம் இல்லை. நிழலில் உட்கார்ந்து கணக்கு வைக்க ஒரு பொறுப்பான ஆள் உண்மையிலேயே வேண்டும், உங்கள் வீட்டில் அதற்கு அவரைவிடக் கண்டிப்பான ஆள் இருப்பதாகத் தெரியவில்லை. இதை நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், உங்கள் கணவர் சொல்லட்டும். அதுவும் புறப்படும் அன்று காலை வாசலில் வைத்து இல்லை. இரண்டு மூன்று நாள் முன்பே, வரைபடத்தைக் கையில் கொடுத்து, “அப்பா, நாம எல்லாரும் எங்க சந்திக்கலாம்னு நீங்களே பார்த்துச் சொல்லுங்க” என்று கேட்கச் சொல்லுங்கள்.